காசிக்குப் போன அன்னலட்சுமி

போன் அலறியது!

சந்திரகலா எடுக்கவில்லை. காலையிலிருந்து அதே நம்பர். டைரக்டர் அருண்பிரசாத்!

மணி நின்றது. உடனே வாசலில் ஹாரன்...

எட்டிப் பார்த்தவளின் வாயை ஒரு முரட்டுக் கை பொத்தியது! இன்னொருவன் காலைத் தூக்கினான். கறுப்புக் கண்ணாடி வேன் அவளை விழுங்கிக்கொண்டு நகர்ந்தது.

அடி அண்ணாமலை கிராமத்தில், பட்டப்பகலில், ஒரு டி.வி. நடிகை கடத்தப்பட்டாள். அடுப்பில் குக்கர் மட்டும் விசிலடித்துக்கொண்டிருந்தது.

"வணக்கம்மா" என்றான் அருண்பிரசாத், முன் சீட்டிலிருந்து.

"அருணு! நீயா? கைய ஏன்டா கட்டறாங்க?"

"போன எடுத்திருந்தா கட்டியிருக்க மாட்டேன்மா."

'கூடத்து விளக்கு' பத்து வருடமாக ஓடும் சீரியல். அதில் மாமியார் அன்னலட்சுமியாக அழுது, தமிழ்நாட்டையே அழவைத்தவள் சந்திரகலா. ஒருநாள் போதும் என்று விலகினாள். நடிகை விலகினால் சீரியலில் இரண்டே வழி. சுவரில் படத்துக்கு மாலை விழும். அல்லது அந்தப் பாத்திரம் யாத்திரை போகும்.

"மாலை போட்டுடுங்க" என்று கெஞ்சினாள் சந்திரகலா. கேட்கவில்லை. அன்னலட்சுமியைக் காசிக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம்... நாலு வருடமாகத் திரும்பி வர ரயில் கிடைக்கவில்லை!

"இன்னிக்கு சாயங்காலம் பத்தாம் ஆண்டு ஸ்பெஷல். மெட்ராஸ்ல மேடை ரெடி. காசியிலருந்து வந்து எறங்கறீங்க. அவ்ளோதான்."

"வரமாட்டேன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"சோறு போட்ட சீரியல்மா! ஊரே உங்கள அம்மானு கூப்புடுதே, அது யாரால? ஒரே ஒரு நாள் வந்து நிக்கக்கூட கடமை இல்லியா?"

"வேலைக்கு வந்தேன். வேலய ஒழுங்கா செஞ்சேன். அதுக்கப்புறம் என்னடா கடமை?"

"ஜனங்க கேக்கறாங்கம்மா..."

"எங்க வீட்டுக்காரரு செத்த மறுநாளே, சாவு சீன் இருக்குதுன்னு என்ன இட்டுனு போனியே... அன்னிக்கு நான் அழுதது நடிப்பா?"

அருண்பிரசாத் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத ஒரு வாரம் ப்ரோமோ போட்ட. ஜனங்க கை தட்டுனாங்க. வீட்டுக்கு வந்து அவருக்காக அழலாம்னு பாத்தா... அழுகையே வரலடா. இனிமே கேமராவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் குடுக்க மாட்டேன்னு அவரு மேல சத்தியம் பண்ணியிருக்கேன். வுட்டுடு அருணு..."

அவன் குரல் இறங்கியது. "ரேட்டிங் படுத்துடுச்சும்மா. சேனல் சீரியல நிறுத்தப்போகுது. எனக்கும் வேற வழி தெரியல."

வேன் நின்றது.

பௌர்ணமி! கிரிவலப் பாதை முழுக்க ஜனம். குறுக்கே போலீஸ் தடுப்பு.

சந்திரகலா கட்டிய கைகளாலேயே ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"காப்பாத்துங்க! என்ன கடத்தினு போறாங்க!"

நடந்துகொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"ஏய்... அன்னலட்சுமிடி!"

"அம்மா காசியிலருந்து வந்துட்டாங்க!"

"ஷூட்டிங்பா! ஸ்பெஷல் எபிசோடு!"

செல்போன்கள் உயர்ந்தன. விசில் பறந்தது.

"ஐயோ, நெசமா கடத்தறாங்க! கைய பாருங்க!"

"மேக்கப்ப பாத்தியா? ரத்தம் கட்டுன மாதிரியே கீது!"

ஒரு பெண் கண் கலங்க ஜன்னலருகே ஓடி வந்தாள். சந்திரகலாவுக்கு உயிர் வந்தது.

"அம்மா... இது உங்க சின்ன மருமவ வேலதான். அவள மட்டும் நம்பாதீங்க!"

கான்ஸ்டபிள் அப்பாசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சார்! போலீஸ்னா போலீஸ் மாதிரி நடந்துக்கங்க சார்! இவன புடிங்க!"

"எங்க வீட்ல உங்களத்தான் கேட்டுனே கீறாங்கம்மா" என்றவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு செல்பி எடுத்தார். அப்புறம் தடுப்பை அவரே நகர்த்தினார். "வழி வுடுங்கப்பா! ஷூட்டிங் வண்டி!"

அருண்பிரசாத் திரும்பினான். "நல்லா கத்துங்கம்மா. எவ்ளோ கத்தறீங்களோ, அவ்ளோ கை தட்டுவாங்க."

சந்திரகலா உடைந்து அழுதாள். வெளியே கைதட்டல் வானைப் பிளந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டும்போது வேனை ஒரு கை மறித்தது.

இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி! வாகனச் சோதனை.

"ஷூட்டிங் மேடம்" என்று குழைந்தான் அருண்பிரசாத்.

"யாரு இவங்க?"

"தெரியலையா? அன்னலட்சுமி மேடம்!"

"நான் சீரியல் பாக்கறதில்ல. கைய ஏன் கட்டியிருக்கு?"

அவன் வாய் திறப்பதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சீரியலே பார்க்காத ஒரே ஒரு ஆள் தமிழ்நாட்டில் மிச்சமிருந்ததால், சந்திரகலா பிழைத்தாள்!

சாயங்காலம். போலீஸ் ஸ்டேஷன். லாக்கப் கம்பிக்குப் பின்னால் அருண்பிரசாத் சிரித்தான்.

"ஏன்டா சிரிக்கற?" என்றாள் அன்புச்செல்வி.

"அவங்க மேடை ஏற மாட்டாங்கனு எனக்குத் தெரியாதா மேடம்? வேனுக்குள்ள மூலைக்கு மூலை கேமரா. கத்துனது, அழுதது எல்லாம் அப்பவே சேனலுக்குப் போயிடுச்சு. அதான் ஸ்பெஷல்!"

சந்திரகலா பதறி எழுந்தாள். "மேடம்! நிறுத்தச் சொல்லுங்க! அத போடக்கூடாது மேடம்!"

அன்புச்செல்வி சேனலுக்கு போன் போட்டாள். வெகுநேரம் 'கூடத்து விளக்கு' டைட்டில் பாட்டுதான் கேட்டது. கடைசியில் ஒரு குரல்.

"ஞாயித்துக்கிழமை மேடம்... பெரியவங்க யாருமில்ல. கோர்ட்டு ஆர்டரோட நாளைக்கு வாங்க."

"இது க்ரைம்யா!"

"அப்படித்தான் மேடம் நாங்களும் விளம்பரம் போட்டிருக்கோம்."

லைன் துண்டிக்கப்பட்டது. அன்புச்செல்வி சந்திரகலாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தாள்.

ஸ்டேஷன் டி.வி.யில் திரை முழுக்கச் சந்திரகலாவின் கண்ணீர். அப்பாசாமியின் செல்பி கூட ஸ்லோமோஷனில் வந்தது!

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். செய்த சத்தியம் உடைந்து ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அழவேண்டும் போலிருந்தது. வரவில்லை.

புகாரை எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் ரேவதி, முந்தானை இல்லாததால் யூனிபார்ம் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சூப்பரா இருந்துச்சும்மா..." என்றாள் விசும்பியபடி. "தப்பா நெனைக்காதீங்க... அந்த 'காப்பாத்துங்க'னு கத்துன எடம் மட்டும் கொஞ்சம் ஓவர் ஆக்டிங்!"