குடும்பத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் கணினித் திரையின் வலது மூலையில் ஒரு சின்னச் சதுரம் எட்டிப் பார்த்தது. ‘இந்த விளையாட்டை உங்கள் குடும்பத்தில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு மூடப்படும்.’

குடும்பம் என்று அந்தப் பட்டியலில் இருந்தது மூன்றே பேர். அவள், அப்பா, தம்பி. விளையாட்டுகள் எல்லாம் தம்பி வாங்கியவை. மற்ற இருவரும் அவன் சேகரிப்பிலிருந்து ஓசியில் ஆடலாம். சட்டம் ஒன்றுதான்: ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். வாங்கியவன் வந்தால் ஓசிக்காரி எழுந்து இடம் விட வேண்டும்.

வாங்கியவன் செத்து எட்டு மாதம் ஆகிறது.

ஊருக்குப் போன் போட்டாள்.

“அப்பா, தம்பியோட விளையாட்டுப் பொட்டியைத் தொட்டீங்களா?”

“நானா? எனக்கு டிவி ரிமோட்டே எதிரி. அது பீரோவுல அவன் சட்டைக்கு அடியில கிடக்கு. ஏம்மா?”

“உங்க போன்லயும் அந்த விளையாட்டைப் போட்டுக் குடுத்தானே?”

“அதுவா? சும்மா டிங்கு டிங்குன்னு உயிரை வாங்குச்சு. போன் கடைக்காரர்கிட்ட சொல்லி அதோட வாயை அடைச்சுட்டேன்.” பேச்சை மாற்றினார். “சாப்பிட்டியா?”

“ம்.”

சாப்பிடவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. ஐந்து நிமிடம் முடிந்து விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. மூன்றாவது மாடியின் அந்த ஒற்றை அறையில், சுவருக்குள் ஓடும் குழாயில் யாரோ எங்கேயோ திறந்த தண்ணீர் இறங்கிப் போகும் சத்தமும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுவதும், எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் துணி காற்றில் படபடப்பதும் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் அடியில் மெல்ல ஒரு வாசனை ஏறியது. ஈர மண். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

தம்பி குழாய் பதிக்கிற வேலைக்குப் போனவன். ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டினால் இரண்டு பக்கமும் பலகை அடிக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கான்ட்ராக்டருக்குத் தெரியவில்லை. காலை பத்தரைக்கு மண் சரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எடுத்தார்கள். “மண்ணு விழுந்த நொடியே போயிட்டான், ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது” என்று அந்த ஆள் கும்பிட்டுக்கொண்டே சொன்னான். அப்பா அந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் இன்றுவரை தூங்குகிறார்.

அவளுக்கு அந்தத் தலையணையும் இல்லை. அன்றைக்கு அவள் இந்த அறையிலிருந்தபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் புகார் சொல்கிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பதினொரு மணியிலிருந்து அவளுடைய சொந்தக் கணினிக்கு, தம்பியின் போனிலிருந்து அழைப்பு வந்தபடி இருந்தது. ‘தம்பி உங்களைச் சேர்ந்து ஆட அழைக்கிறார்.’ வேலை நேரத்தில் இவனுக்கு என்ன ஆட்டம் வேண்டிக் கிடக்கிறது என்று எரிச்சல். ‘இப்போது இல்லை’ என்பதை அமுக்கினாள். பதினான்கு தடவை. கடைசி அழைப்பு நாலே முக்காலுக்கு.

யாரிடமும் சொல்லவில்லை. ஏதோ கோளாறு, பழைய அழைப்பெல்லாம் தாமதமாக வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி எட்டு மாதமாக நம்பப் பழகிக்கொண்டிருந்தாள். அது கோளாறாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் ஆறு மணி நேரம்...

பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கினால் இந்தத் தொல்லை போகும். ஆனால் அவன் சேகரிப்பும் கூடவே போய்விடும். அவன் கட்டிய வீடு, வெட்டிய குளம், அக்காவுக்கென்று ஒதுக்கிய மாடி அறை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நீக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு மறுபடியும் அதே சதுரம். இந்தத் தடவை அவள் எழுந்து இடம் விடவில்லை. இரண்டாவது பிரதி ஒன்றை வாங்கினாள். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம்.

“நீயும் ஒண்ணு வாங்குக்கா, சேர்ந்து ஆடலாம்” என்று அவன் மூன்று வருடம் கெஞ்சியிருக்கிறான். “எனக்கு வேலை இருக்குடா” என்பாள் அவள்.

விளையாட்டுக்குள் போனாள். வீடு இருந்தது. குளம் இருந்தது. ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்னால், போன வாரம் வரை புல் இருந்த இடத்தில், நூல் பிடித்ததுபோல நேராக ஒரு பள்ளம் ஓடியது. பாதி தூரத்துக்கு மேல் அது மண்ணால் மூடிக் கிடந்தது. மண்வெட்டியை எடுத்து வெட்டினாள். ஹெட்போனில் ஒவ்வொரு வெட்டும் தொப், தொப் என்று விழுந்தது. ஆறடி. ஏழடி. அவள் நிறுத்திய பிறகும் ஒரு தொப் கேட்டது.

இன்னும் வெட்டினாள்.

மஞ்சள் ஹெல்மெட். வேலையில் யாரும் கொடுக்காத ஹெல்மெட்டை இங்கே வாங்கி மாட்டியிருந்தான். நின்றபடி இருந்தான். ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

மூலையில் சதுரம் வந்தது. ‘தம்பி உங்களைச் சேர்ந்து ஆட அழைக்கிறார்.’

“வந்துட்டேன்டா” என்றாள். ‘சரி’ என்பதை அமுக்கினாள்.

மின்விசிறி நின்றது.

எதிர்வீட்டுத் துணியின் சத்தம் இல்லை. குழாய்ச் சத்தம் இல்லை. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே மண். அடியிலிருந்து மேல்விளிம்பு வரை, அழுந்தி, ஈரமாக. நடுவில் ஒரு வேர்.

மூன்றாவது மாடி.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. கூப்பிட்டாள். குரல் சுவரைத் தொடுவதற்குள் செத்தது.

திரையில் பட்டியல் திறந்திருந்தது. அப்பாவின் பெயர். பக்கத்தில் ஒரே ஒரு பொத்தான்: ‘அழை.’

அன்றைக்கு மண்ணுக்கடியில் அவனுக்கும் இது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அமுக்கினாள். ‘அழைப்பு அனுப்பப்பட்டது.’ காத்திருந்தாள். அமுக்கினாள். கூரையிலிருந்து மேசைமேல் மண் உதிர்ந்தது. ஊரில், அப்பாவின் சட்டைப் பையில், வாய் அடைக்கப்பட்ட போன்.

அமுக்கினாள்.

அமுக்கினாள்.

பதினான்காவது தடவை அமுக்கும்போது விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே மண் இருந்தது. திரையில், பள்ளத்துக்குள், தூக்கியிருந்த கை மெல்ல இறங்கியது. மஞ்சள் ஹெல்மெட் ஒரு பக்கமாக ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டது.