தாரை விழுந்த கை

மாப்பிள்ளையின் தோல் நெளியவில்லை.

நிரீக்ஷா போனில் எடுத்த அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள். களிமண் பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி இம்மி நகர்த்தி இன்னொரு படம் என்று நாள் முழுக்க எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் பொம்மை எழுந்திருக்கும், நடக்கும், தலை திருப்பும். ஆனால் தொடுகிற இடத்திலெல்லாம் விரல் ரேகை பதியும். ஒரு படத்தில் இருக்கிற ரேகை அடுத்த படத்தில் இருக்காது. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது பொம்மையின் தோல் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி நெளியும். கையால் செய்கிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம்தான், அதற்காக யாரும் பயப்படுவதில்லை. மணப்பெண்ணின் கன்னமும் கழுத்தும் அப்படித்தான் நெளிந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையும் தலையைத் திருப்பினான், கையை நீட்டினான். அவன் தோல் மட்டும் வழுவழுவென்று அப்படியே இருந்தது. யாருமே அவனைத் தொடாத மாதிரி.

தொட்டவள் அவள்தான். வேறு யார்?

போனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். பகல் மூன்று மணிக்கே அந்த அறையில் ராத்திரி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வெளிச்சம் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஜன்னலை அட்டையாலும் கறுப்புத் தார்ப்பாயாலும் அடைத்துவிட்டாள். மேஜை விளக்கு ஒன்றுதான். வெளியே ஆடி மழை பாக்கு மரங்களில் அடித்து, ஓட்டில் அடித்து, முற்றத்துத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முன்னறையில் அம்மா வாரிஜா பீடி இலை வெட்டும் கத்திரிச் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியாகப் புகையிலை நெடி வந்தது. அதற்கும் கீழே, ஈரக் களிமண்ணுக்கும் கீழே இன்னொரு வாசனை. பாசி வாசனை. மழைக்காலம், சுவர் பூத்திருக்கும், என்று அதையும் விட்டுவிட்டாள்.

அவளுக்குப் பதினேழு வயது. சனிக்கிழமைக்குள் பெங்களூர்க் கல்லூரிக்கு இரண்டு நிமிஷப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும், முழுக்க அவள் கையால் செய்தது. எடுத்துக்கொண்டால் அவர்களே தங்க இடமும் சோறும் தருவார்கள். இல்லையென்றால் துபாயில் வேலை பார்க்கிற பையன். பெண் பார்க்க எப்போது வரலாம் என்று அவன் வீட்டார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம் சுப்ரீதா.

சுப்ரீதா அவள் அக்கா. இரண்டு வயதில் செத்துப்போனவள்.

"மூத்தவளை வாசல்ல நிக்க வச்சிட்டு இளையவளை எப்படி அனுப்புறது? முதல்ல அவளுக்கு முடிக்கணும்" என்றாள் அம்மா.

செத்தவர்களும் அந்தப் பக்கத்தில் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வயது வந்தால் அவர்களுக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். இந்த ஊரில் இதற்கு யாரும் புருவத்தைக்கூடத் தூக்க மாட்டார்கள். முதலில் வந்த ஒரு வரனை, செத்த பையன் செத்த பெண்ணைவிட இரண்டு வயது சின்னவன் என்று அம்மா தட்டிக் கழித்தாள். அடுத்து யக்ஞேஷ். ஏழு வயதில் தோட்டத்துக் குளத்தில் மூழ்கியவன். குலம் பொருந்தியது. பையன் வீட்டார் போட்டோ அனுப்பினார்கள்: பள்ளிச் சீருடை, எண்ணெய் வழித்து வாரிய தலை, சிரிக்கவா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்.

சுப்ரீதாவுக்குப் போட்டோ இல்லை. ஒன்றுகூட எடுக்கவில்லை. காய்ச்சல் கண்டு துடித்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் கிடைக்கவில்லை. இப்போது அவள் கல்யாணத்துக்கு மூன்று வண்டி நிறைய ஆள் வரப்போகிறது. நிரீக்ஷாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலைத்தான் படமாக எடுத்தாள். இறந்த பெண்ணுக்கு ஊரே கூடிக் கல்யாணம் செய்கிறது, உயிரோடு இருக்கிற தங்கையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் கதை.

மாப்பிள்ளைக்குப் போட்டோவைப் பார்த்து முகம் செய்தாள். பெண்ணுக்குக் கண்ணாடியைப் பார்த்துச் செய்தாள். அக்காதானே, சாயல் இருக்கும். தன் தலைமுடியையே கத்தரித்து ஒட்டினாள். அம்மா பெட்டியில் வைத்திருந்த கல்யாணச் சேலையின் உள்முனையில் கைக்குட்டை அளவு வெட்டிப் பெண்ணுக்கு உடுத்தினாள். கண்ணுக்குக் கடுகு.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் தண்ணீர் ஊற்றிப் பெண்ணைத் தாரை வார்க்கிற காட்சி வந்தது.

கண்ணாடிக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தாள், தண்ணீர் மாதிரி இல்லை. நிஜத் தண்ணீரையே ஊற்றிவிடலாம் என்று மூக்கு வைத்த கிண்டிச் செம்பில் கிணற்று நீர் கொண்டுவந்தாள். இரண்டு பொம்மைகளின் கையையும் சேர்த்துப் பிடித்தாள். ஈரம் பட்டதும் களிமண் தொய்ந்தது. கேமராவுக்குத் தெரியாமல் தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஒரு கை போனில், ஒரு கை அடியில். ஊற்றக் கை இல்லை. அந்த நேரம் பார்த்து லோகையா மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். மூடிப்போன ஓட்டு ஆலையிலிருந்து அவளுக்குக் களிமண் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான்.

"என்ன மாராய்தி, எங்க மகாராணிக்கு சொப்பு விளையாட்டா? பொண்ணு பாக்க வரப்போறாங்க, நீ இன்னும் மண்ணைப் பிசையுற!"

"மாமா, பேசாம கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. மெதுவா. நான் சொல்றப்ப நிறுத்தணும்."

"அட, தாரை வார்க்கவா? அது என் வேலைதானே, ஊத்திட்டாப் போச்சு." கிண்டியை வாங்கிக் கொண்டவர் கல்யாண வீட்டுக் குரலில் இழுத்துச் சொன்னார்: "எங்க வீட்டுப் பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுத்தாச்சு! இனிமே நல்லதும் கெட்டதும் உங்க பாடு!"

இருவரும் சிரித்தார்கள். தண்ணீர் மாப்பிள்ளையின் கையில் விழுந்து, பெண்ணின் கையில் விழுந்து, அவள் உள்ளங்கையில் தேங்கி, முழங்கை வரை வழிந்தது. வேலை முடிந்து கையை எடுத்தபோது மாப்பிள்ளையின் விரல்கள் கரைந்து அவள் கை ரேகைக்குள் இறங்கியிருந்தன. தேய்த்துக் கழுவினாள். அன்று முழுக்க அந்தக் கை சில்லென்றே இருந்தது.

அதற்குப் பிறகு எடுத்த காட்சிகளில்தான் அவன் தோல் நெளியவில்லை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளையைக் கையில் எடுத்தாள். கன்னம், நெற்றி, மார்பு எல்லா இடத்திலும் கட்டை விரலால் அழுத்தி ரேகை பதித்தாள். வைத்தாள், எடுத்தாள். தலையைப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள், எடுத்தாள். விளக்குச் சூட்டில் முதுகு வியர்த்தது. போதும் என்று தோன்றியதும் ஓடவிட்டாள்.

வழுவழு. ஒரு ரேகைகூட இல்லை. அவள் பெண்ணின் பக்கம் திருப்பிய தலை பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. வேறு பக்கம் திரும்பியது. மெதுவாக, நிதானமாக, இரண்டு கடுகும் கேமராவை நேராகப் பார்க்கிற வரைக்கும். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவள்.

போனைக் கவிழ்த்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள். அம்மா முறத்தை மடியில் வைத்து, தலை நிமிராமல் பீடி சுருட்டிக்கொண்டிருந்தாள். நிரீக்ஷா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். சேலை வெட்டியதைச் சொன்னபோது அம்மா திட்ட வாயெடுத்தாள். தாரையைச் சொன்னபோது விரல்கள் நின்றன.

"யாரு ஊத்துனது?"

"லோகையா மாமா."

"தண்ணி யாரு கையில விழுந்துச்சு?"

"பொம்மை கையிலதான்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "என் கையிலயும்" என்றாள்.

தாய்மாமன் ஊற்றித் தாரை வார்த்தால் கொடுத்தது கொடுத்ததுதான். அம்மாவின் முகத்தில் ரத்தம் சுண்டியது. ஆனால் அடுத்த நொடி வேறு ஏதோ கணக்கு அந்த முகத்தில் ஓடியதை நிரீக்ஷா பார்த்தாள். நாளைக்கு வரப்போகிற வண்டிகள். போட்டு வைத்த பந்தல். துபாய்க்காரர்கள் காதில் விழுந்தால்?

"யார்கிட்டயும் மூச்சு விடாத. நாளைக்கு அவளுக்கு முறைப்படி நடந்துருச்சுன்னா எல்லாம் சரியாயிரும். அந்த மண்ணை உடைச்சுத் தூக்கிப் போடு."

"படம் போயிரும்மா. இன்னும் கடைசிக் காட்சி இருக்கு."

"படமாம் படம்" என்று அம்மா அடுத்த இலையை எடுத்தாள்.

அவள் உடைக்கவில்லை. உடைத்தால் பெங்களூர் இல்லை.

மறுநாள் காலையிலிருந்தே மழை. பந்தலில் இரண்டு மணை போட்டிருந்தார்கள். ஒன்றில் சேலையும் வளையலும், இன்னொன்றில் வேட்டியும் சட்டையும், இரண்டுக்கும் முன்னால் விளக்கு. யக்ஞேஷின் அம்மா சட்டையை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள். நிரீக்ஷா ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எல்லாரும் வெளியே இருக்கும்போதே கடைசிக் காட்சியை முடித்துவிட வேண்டும். சின்னக் காட்சிதான். முடித்ததும் இரண்டையும் கிணற்றில் போட்டுவிடலாம்.

விளக்கைப் போட்டாள்.

மணப்பெண் பொம்மை தன் குட்டி மணையை விட்டுத் தள்ளி, மேஜை ஓரத்தில் இடிந்து கிடந்தது. யாரோ மேலிருந்து அழுத்திப் பிசைந்த மாதிரி, முடியும் துணியும் மண்ணும் ஒரே உருண்டை. அதன் மேலெல்லாம் விரல் பதிவுகள். அவள் குனிந்து பார்த்தாள். சின்னப் பதிவுகள். அவள் விரலில் பாதிகூட இல்லை. ரேகைகள் கோணலாகச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் சுருங்குமே, அப்படி.

மாப்பிள்ளை மணையில் நேராக உட்கார்ந்திருந்தான். பக்கத்து மணை காலி.

பாசி நாற்றம் இப்போது தொண்டை வரை வந்தது.

வெளியே பந்தலில் ஒரு கிழவரின் குரல் கேட்டது. "ஏய், மாப்பிள்ளை விளக்கு நிக்கவே மாட்டேங்குது பாரு. பொண்ணு விளக்கு எரியுது, இது மட்டும் அணையுது."

"காத்துதான் மாராயா" என்றது இன்னொரு குரல்.

"காத்து இதை மட்டும் பாத்தா அடிக்கும்?"

லோகையா மாமாவின் சிரிப்பு. "மாப்பிள்ளை இங்க உக்காந்தாத்தானே எரியும்! பொண்ணைத் தேடிக்கிட்டு வீட்டுக்குள்ள போயிருப்பான். அவசரக்காரன்!"

பந்தலே சிரித்தது.

நிரீக்ஷா கதவுப் பக்கம் திரும்பினாள்.

டக்.

போன் தானாகப் படம் எடுத்தது.

அவள் கதவைப் பார்த்து நிற்கவில்லை. மேஜையைப் பார்த்து நின்றாள். திரும்பியதாக நினைவில்லை.

அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள்.

டக்.

வாய் மூடியிருந்தது. ஒரு அடி முன்னால் நின்றாள். இடது முழங்கையில் குளிர்ச்சி. பார்த்தாள். சதையில் ஒரு பள்ளம், சின்னக் கட்டைவிரல் அளவு. வலி இல்லை. பள்ளம் மேலெழவும் இல்லை.

டக்.

முழங்கால் மடங்கியிருந்தது.

டக்.

தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. தோளில் இரண்டு பள்ளம்.

டக்.

கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து. அன்று தண்ணீர் தேங்கிய கை. மறுபடி ஈரம். இறக்கப் பார்த்தாள். எந்த நரம்பை இழுத்தால் கை இறங்கும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. யாராவது தொட்டால்தான் அசையும். தொடாவிட்டால் வைத்த இடத்தில் வைத்தபடி.

டக்.

மணையில் மாப்பிள்ளை இல்லை.

அவள் வலது பக்கம் ஈரம். யாரோ அடுத்து உட்கார்ந்த மாதிரி, கல்யாணத்துக்காக அவள் கட்டியிருந்த சேலையின் ஓரம் நனைந்தது. தலை திருப்ப முடியவில்லை. கன்னத்தில் இரண்டு கட்டைவிரல்கள் வந்து உட்கார்ந்தன. சில்லென்று. வாயின் இரண்டு ஓரத்திலும். மெதுவாக மேலே தள்ளின.

டக்.

கதவு திறந்தது. அம்மா. கையில் வளையல் தட்டு. பின்னால் பந்தலின் சத்தமும் வெளிச்சமும். நிரீக்ஷா அவளையே பார்த்தாள், கண் மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது, அந்தக் கண்ணாலேயே கத்தினாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அண்ணா, வந்து பாருங்க! உர்ருன்னே இருந்தவ சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அக்காவுக்கு முடியப்போகுதுன்னதும் மனசு இறங்கிடுச்சு. துபாய்க்காரங்களை வரச் சொல்லிருங்க."

"அட!" என்று வெளியே மாமாவின் குரல். "விளக்கும் நின்னுடுச்சு வாரிஜா! எரியுது பாரு!"

அம்மா ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நின்றாள். வாசலிலிருந்து வந்த வெளிச்சம் மேஜையில் நீளமாக விழுந்திருந்தது.

"வெளிச்சம் படக் கூடாதும்பியே. எடு, எடு. நல்லா எடு."

பாசத்தோடு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

டக்.

போன் திரையில் காட்சி தானாக ஓடத் தொடங்கியது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், கையோடு கை சேர்த்து. சிரிக்கிற பெண்ணின் கன்னமும் கழுத்தும் கையும் சின்னச் சின்ன, சுருங்கிய ரேகைகளால் நெளிந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் சீருடைச் சட்டை, வழித்து வாரிய ஈரத் தலை, ஒரு ரேகைகூட இல்லாத வழுவழுப்பான முகம். அது மெதுவாக அவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.