பின்னறைக் கதவில் கிண்ணக் காளான்

பின்னறைக் கதவின் நிலையடியில் ஒரு கிண்ணம் முளைத்திருந்தது.

ஹெலினா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். மரநிலை தரையைத் தொடும் மூலையில், கட்டைவிரல் அகலத்தில், பழுப்பாக, ஈரமாக இருந்தது. மழைக்கு முளைக்கும் நாய்க்குடை அவளுக்குத் தெரியும். இதற்குக் குடையும் இல்லை, காம்பும் இல்லை. வாயைத் திறந்து வைத்த அகல் மாதிரி வெறும் கிண்ணம்தான். தொட்டால் காது மடல் போலச் சில்லென்று வளைந்தது. இன்னும் கிட்டே போய் மோந்து பார்த்தாள். அவள் மூச்சு பட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. மெல்லிய புகை எழுந்து மூக்கில் ஏறியது.

"பெனிஷா! இன்னாடி இது, வந்து பாரேன்!"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் செல்போனில் படமெடுத்துத் தேடினாள். "கிண்ணக் காளானாம்மா. காட்டுல விழுந்து கெடக்குற மரத்துல வளருமாம். காத்து பட்டா அதோட வெத பொகையா வருமாம், சத்தம்கூட கேக்குமாம்."

"காட்டுல வளர்றதுக்கு காட்டுப்பாக்கத்துல இன்னா வேல?"

"ஊடு அவ்ளோ ஈரமா கீது. கதவு நெல உளுத்துப் போச்சு." பெனிஷா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "தாத்தாவ அந்த ரூம்ல படுக்க வெக்காதம்மா."

தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஐப்பசியில் ஏறிய ஈரம் மார்கழி வரை சுவரை விட்டு இறங்காது. ஹெலினா கத்தியால் காளானைச் சுரண்டி எறிந்தாள், பிளீச்சிங் பவுடரைத் தூவினாள், அந்தக் காரத்தில் கண்ணில் வந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடிச் செபமாலை சொல்வார்கள். இன்று அவள் முறை.

போன கூட்டம் ஞானகுமாரி அக்கா வீட்டில். மாமனார் பிரகாசத்தையும் கைபிடித்து அழைத்துப் போயிருந்தாள். ஒரு காலத்தில் கோயில் உபதேசியார் அவர். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். இப்போது நினைவு தடுமாறிப்போனது. நடுச்செபத்தில் எழுந்து நின்று, மருமகளை வாயால் சொல்ல முடியாத ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டு, "எனக்கு சோறு போட மாட்றா" என்று அழுதார். வேட்டியும் அவிழ்ந்து விழுந்தது. ‘பாவம், வயசாயிட்டுது’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அத்தனை கண்ணும் அவளை அளந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்று முதல் அவளுக்குத் தெருவில் தலை நிமிரவில்லை. அதனால்தான், மாமா ஆவடியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பூசணிக்காய் பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தது.

மத்தியானம் ரசம் சோறு ஊட்டினாள். சளி மருந்து கொடுத்தாள். குடித்தால் தூக்கம் வருகிற மருந்து. இன்று ஒரு மூடி அதிகம். அதை ஊற்றும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவ சாத்தாத அம்மாடி. மூச்சு முட்டுது."

"கொஞ்ச நேரந்தான் மாமா. படுங்க."

ஜன்னலைச் சாத்தினாள், கதவைப் பூட்டினாள். மூத்திர வாடை வெளியே வரக்கூடாதென்று கதவடி இடுக்கில் பழைய புடவையைத் திணித்தாள். திணித்துவிட்டுக் கையை எடுக்கும்போதுதான் பார்த்தாள். காலையில் சுரண்டிய இடத்தில் ஒன்றல்ல, ஒரு வரிசையே நின்றது. எல்லாம் அவள் பக்கம் வாயைத் திருப்பியிருந்தன. திருடும்போது பிடிபட்டவளுக்குப் போல அவளுக்கு முகம் சுட்டது. சுரண்ட நேரமில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மறைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாரும் வந்தார்கள். கணவன் ரிச்சர்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட், அவன் இல்லை. மாதா சொரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ஈரக் குடைகள் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தன, மல்லிகையும் சாம்பிராணியும் சேர்ந்து மணத்தன, அந்த மணத்துக்கு அடியில் மக்கிய மரத்தின் வாடை மெதுவாக ஊர்ந்து வந்ததை ஹெலினா மட்டும் உணர்ந்தாள்.

"உபதேசியார் ஐயா எப்போ வர்றாரு?" என்று ஞானகுமாரி கேட்டாள்.

"அடுத்த வாரம் வந்துடுவாருக்கா. ஆவடில நல்லா கீறாரு."

முக்காலிக்குப் பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’.

"போன்ல பேசுனியா?"

"காலைலகூட பேசுனேன்."

‘ஸ்ஸ்ஸ்.’ இம்முறை கொஞ்சம் மேலே, தாழ்ப்பாள் உயரத்தில்.

செபமாலை தொடங்கியது. இரண்டாம் மறையுண்மையின் செபங்கள் போய்க்கொண்டிருந்தபோது கதவின் உள்பக்கத்தை நகம் பிறாண்டியது. மெதுவாக, பொறுமையாக. பிறகு இருமல். ஹெலினா குரலை உயர்த்தினாள். கூட்டத்திலேயே அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள், என்ன பக்தி என்று நினைத்திருப்பாள். வெட்கத்தில் ஹெலினா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

பிறாண்டல் நின்றது. இருமலும் நின்றது.

நின்றதுதான் பயமாக இருந்தது. எழுந்து போய்த் திறந்தால் போதும். கிழவர் மூச்சு முட்டிக் கிடக்கலாம். திறந்தால் கொஞ்ச நேரம் மானம் போகும், அவ்வளவுதான். மானமா உயிரா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். அவளுக்கும் தெரிந்தது. முழங்கால்தான் தரையை விட்டு எழவில்லை.

செபம் முடிந்ததும் ஞானகுமாரி தீர்த்தப் பாத்திரத்தை எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் எல்லா அறையிலும் தீர்த்தம் தெளிப்பது இவர்கள் வழக்கம். மற்ற வீடுகளில் அந்தப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போனவளே அவள்தான். எப்படி மறந்தாள்?

சமையலறை ஆயிற்று. படுக்கையறை ஆயிற்று. எல்லாரும் மெழுகுவர்த்தியோடு பின்னறை முன்னால் வந்து நின்றார்கள்.

"இத தொற ஹெலினா."

"ஸ்டோர் ரூம்க்கா. சாவி அவருகிட்ட கீது."

‘ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.’

நிலை முழுக்க. மேல்சட்டம் வரைக்கும். பழுப்புக் கிண்ணங்கள், ஒன்றின் தோளில் ஒன்று. பலகை இடுக்கிலிருந்து புகை.

"உள்ள சாம்பிராணி போட்டுகீறியா?"

"ஆமாக்கா."

மறுபடி சத்தம். மறுபடி புகை. மெழுகுவர்த்திகள் படபடத்தன. ஞானகுமாரி ஹெலினாவின் இடுப்பைப் பார்த்தாள். செருகியிருந்த சாவி பாதி வெளியே தெரிந்தது. ஹெலினா செத்துப்போக விரும்பினாள்.

சாவியை எடுத்தாள். துவாரத்தில் விட்டாள்.

கதவு நகரவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. தள்ளினாள். மிருதுவாக, பொதபொதவென்று நகர்ந்தது.

மாமா. தரையில். வாயைக் கதவிடுக்கில் வைத்து உட்கார்ந்த வாக்கில். வேட்டி அவிழ்ந்து கிடந்தது.

அவள் கை முதலில் போனது அந்த வேட்டியைச் சரிசெய்யத்தான். இழுத்து மூடினாள். இடுப்பில் முடிந்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

காதிலிருந்து கன்னம் வரை கிண்ணங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு, பெரியவை. அவற்றில் நீர் தேங்கியிருந்தது.

பின்னால் தீர்த்தப் பாத்திரம் விழுந்து உருண்டது.

அவர் வாய் திறந்தது. நாக்கு இல்லை. தொண்டை வரை பழுப்பு. "அம்மாடி" என்று சொல்ல வந்தது அது.

ஹெலினா உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். இறுக்கிப் பொத்திக்கொண்டே திரும்பி, எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. இப்போதான் ஆவடிலேர்ந்து வந்தாரு."

கைக்குள் ஏதோ ஊதியது. அவள் விரல்களின் இடுக்கு ஒவ்வொன்றிலும், ஈரமாக, மெதுவாக, ஒரு கிண்ணம் விரிந்து அங்கே நின்றவர்கள் பக்கம் திரும்பியது.