பத்தாயிரத்து ஏழு முத்திரைகள்

மருந்துக் கம்பெனி முதலாளியம்மா நாற்காலியில் உட்காருவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டார். மருந்துப் பெட்டிகளில் ஒட்ட நேற்று அச்சடித்த பளபள முத்திரைகள் பத்தாயிரத்து ஏழில் நானூற்றேழு காணோம். போலி மருந்துக்காரன் கைக்கு அவை போனால் சுண்ணாம்புப் பொடியும் உயிர்காக்கும் மாத்திரையாகிவிடும்.

"ராத்திரி சாவி பேக்கிங் அம்மாகிட்டதான் இருந்துச்சு. இன்னைக்கே போலீஸ்ல ஒப்படைக்கணும்னு எங்க தாய்மாமா குதிக்கிறாரு. அந்தம்மா எடுத்திருப்பாங்கன்னு எனக்கு மனசு ஒப்பல."

துப்பறியும் அண்ணி செருப்பை மாட்டினாள். முதலாளியம்மா முன்னே நடக்க, பின்னாலேயே கொழுந்தன் ஓடினான். ஜவுளி வியாபாரத்தில் வாய் ஜெயித்துக் கணக்கு தோற்றதால் அண்ணிக்கு உதவியாளனானவன்.

சரக்கறையில் பேக்கிங் அம்மா சுவரோரம் நின்றிருந்தாள். மாமா மேஜைமேல் கிடந்த பேனாக்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அச்சு மெஷின் மீட்டர்ல பத்தாயிரத்து ஏழுதானே?" என்றாள் அண்ணி.

"நானும் மருமகளும் சேர்ந்தே பார்த்தோம். எங்க மச்சான், இவ அப்பா காலத்துலேர்ந்து ஒவ்வொரு தடவையும் அச்சடிக்கிறது அதே எண்தான். அப்புறம் நான் ஒருத்தனா இங்க உக்காந்து தட்டுல அடுக்கினேன். எல்லாத் தட்டும் சரிசமம், ஒண்ணுகூட மிஞ்சல. பூட்டிச் சாவியை இந்தம்மாகிட்ட குடுத்தேன். காலையில மெஷின்ல விட்டு எண்ணினா குறையுது."

"தட்டுக்கு எத்தனை?"

"இங்க எல்லா அளவுலயும் தட்டு கிடக்கு. எதுன்னு யாரு பார்த்தா?"

விலையைச் சொல்லாமலே சரக்கை விற்கிற ஆள் என்று கொழுந்தனுக்குப் பட்டது. அண்ணி அவன் கையில் சாக்பீஸைத் திணித்தாள்.

"பத்தாயிரத்து ஏழை வகு."

மூன்றில் இரண்டு மிஞ்சியது. ஏழில் நான்கு. பதினொன்றில் எட்டு. தரை வெளுத்தது, இவன் முகம் கறுத்தது. "எதுவரைக்கும் அண்ணி?"

"நூறு வரைக்கும். தட்டு எத்தனை, தட்டுக்கு எத்தனை, ரெண்டுல ஒண்ணாவது நூத்துக்குள்ள இருந்தாகணும். ரெண்டும் நூத்தொண்ணுன்னாலே பத்தாயிரத்து இருநூத்தொண்ணு, தாண்டிடும். பகா எண்ணை மட்டும் பாரு, போதும்."

கடைசியாகத் தொண்ணூற்றேழில் பதினாறு மிஞ்சியது. "இது எதுலயும் போகல அண்ணி. இதுவே பகா எண்தான்."

"அப்ப எந்தத் தட்டுலயும் சமமா அடுக்க முடியாது."

மாமா சிரித்தார். "ஒண்ணு ரெண்டு கண்ணுல தப்பியிருக்கும்மா."

"நானூத்தேழு தப்பியிருக்கு. அது போக மீதி ஒன்பதாயிரத்து அறுநூறு. நூறு நூறா அடுக்கினா தொண்ணூத்தாறு தட்டு, மிச்சமே இல்ல. நீங்க பூட்டும்போது பார்த்ததும் அதுதான், காலையில மெஷின் சொன்னதும் அதுதான். ராத்திரி யாரும் தொடல. நாலு தட்டை எடுத்தது ஆசை. உதிரியா நின்ன ஏழையும் எடுத்தது, ஒழுங்கா இல்லேன்னா உங்களுக்குக் கை அரிக்கும், அதனால."

மாமாவின் கை பேனாக்களை விட்டு இறங்கியது.

"வித்தாச்சா?" என்று முதன்முதலாக வாய் திறந்தாள் பேக்கிங் அம்மா.

"கார்லதான் இருக்கு" என்றார் மாமா, தரையைப் பார்த்து. "மருமகளே, குடும்பத்துக்குள்ள பேசி..."

மருமகள் அவர் பக்கமே திரும்பவில்லை. பேக்கிங் அம்மா கார் சாவிக்காக உள்ளங்கையை நீட்டினாள். சாவி விழும்வரை அந்தக் கை இறங்கவில்லை.