அடுத்த வசனம்

அமரவிளைக் கொட்டகைக்கு ராஜதாஸ் போய்ச் சேர்ந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பகலெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. நனைந்த ஓலைக் கூரையிலிருந்து புளித்த வாடை வந்தது. வாசலில் ஒருவன் கடலை வறுத்துக்கொண்டிருந்தான். ரோட்டோரம் ஒரு போலீஸ் வண்டி நின்றது. அது ஐம்பத்து நாலாம் வருஷம். தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டம் ஆடி மாதத்தில் கலகமாக வெடித்த பிறகு, நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இப்படி ஒரு வண்டி நின்றது.

ராஜதாஸ் பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். படம் பார்க்கிற மனநிலையில் அவன் இல்லை. மோகனன் பார்க்கச் சொன்ன படம் என்பதால் வந்திருந்தான்.

மோகனன் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மோகனன் பஸ் கண்டக்டர். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்வருகிறவன் என்பதால் எந்தப் படத்தையும் ஊருக்கு முன்னால் பார்த்துவிடுவான். பிறகு ராஜதாஸைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி பார்ப்பான். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. திரையில் ஆள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால், அடுத்த வசனத்தை ராஜதாஸின் காதில் சொல்லிவிடுவான். கோபித்துக்கொண்டால், "இருலே, நல்ல எடம் இனி மேலயாக்கும்" என்று தொடையில் தட்டுவான்.

கடைசி நாள் காலையில், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் படியில் தொங்கியபடி அவன் கூவினான்.

"எலே, ஒரு படம் உண்டு. அமரவிளைக்கு வரும். நீ கண்டிப்பா பாக்கணும்."

"கதை என்னலே?"

"கதையெல்லாம் கேக்காண்டாம். நான் பக்கத்துல இருந்து சொல்லித் தாறேன்."

அன்று மத்தியானம் களியக்காவிளை தாண்டி பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு கல் வந்தது. கலகத்தில் எந்தப் பக்கத்துக் கல் என்று யாருக்கும் தெரியாது. ராஜதாஸ் ஓடிப் போனான். மோகனனை மாட்டுவண்டியில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வழியெல்லாம் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மரத்தை நகர்த்தினால் அடுத்த வளைவில் இன்னொரு மரம் கிடந்தது. மோகனனின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. ராஜதாஸ் காதை வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உதடுகளும் நின்றன.

கொட்டகைக்குள் விளக்கு அணைந்தது. வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. அவள் ஆற்றங்கரையில் வந்து நின்றாள். வாயைத் திறக்கப் போனாள்.

"ஆறே, என் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறாய்?"

ராஜதாஸின் இடது காதில் அது கேட்டது. அதன் பிறகுதான் திரையில் அவள் அதைச் சொன்னாள்.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அடுத்த வசனமும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும். வெற்றிலையும் டீசலும் கலந்த அந்த மூச்சு அவனுக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு.

ரீல் மாற்ற விளக்கு போட்டார்கள். பெஞ்சில் நெருக்கியடித்து ஆட்கள் இருந்தார்கள். அவனுக்கு இடப்பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. உட்கார வந்த ஒருவர் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நனஞ்சு கெடக்கு" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

ராஜதாஸ் தொட்டுப் பார்த்தான். பலகை காய்ந்திருந்தது.

அன்று அவனுக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. படம் முடியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்திருக்கிறான், பாவம், என்று நினைத்தான். படம் முடிந்தால் போய்விடுவான் என்றும் நினைத்தான்.

வீட்டுப் படியேறினான். கதவு சாத்தியிருந்தது. தட்டக் கையைத் தூக்கினான்.

"நனஞ்சா வந்திய?"

இடது காதில்.

கதவு திறந்தது. மனைவி விமலகுமாரி விளக்கோடு நின்றாள். வயிற்றில் ஆறு மாதம்.

"நனஞ்சா வந்திய?" என்றாள்.

அதன் பிறகு அது நிற்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால், பையன்கள் எழுந்து நிற்பதற்கு முன்னால் அவர்களுடைய தப்பான பதில்கள் அவன் காதுக்கு வந்தன. கோயிலில் போதகர் வேதப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே வசனம் வந்தது. விமலகுமாரியும், கூடவே இருந்த அவன் அக்கா ஆனந்தபாயும் பேசுவதெல்லாம் அவனுக்கு இரண்டாம் முறை கேட்பதாக ஆனது. குரல் எப்போதும் மோகனனுடையது. ஆனால் இழுப்பும் நிறுத்தமும் சொல்லப்போகிற ஆளுடையவை. மோகனன் நடிகர்களைப் போலப் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரன்.

முதலில் ஒரு நொடிதான் இடைவெளி இருந்தது. பிறகு அது நீண்டது. காலையில் காதில் விழுந்ததை யாராவது சாயங்காலம் சொன்னார்கள்.

ஒருநாள், "அய்யோ, எனக்க மீன்சட்டி ஒடஞ்சு போச்சே" என்று கேட்டது. விமலகுமாரியின் இழுப்பு. ராஜதாஸ் அடுக்களைக்குப் போய்ச் சட்டியை எடுத்துப் பழந்துணியில் சுற்றி, அறையின் மூலையில் நெல் குலுக்கைக்குப் பின்னால் வைத்தான். அவள் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தான். மறுநாள் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தபோது, விமலகுமாரி அந்த மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பூனை துரத்திய கோழி ஒன்று குலுக்கை மேல் ஏறி, மூடிக்கல்லைத் தள்ளிவிட்டிருந்தது. கல் நேராகத் துணிமேல் விழுந்திருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அய்யோ, எனக்க மீன்சட்டி ஒடஞ்சு போச்சே" என்றாள். பிறகு, "சட்டிக்கு ஏன் இப்பிடி நடுங்குதிய?" என்றாள்.

மார்கழிப் பாதியில், பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். காற்று இல்லை. இலைகள் அசையவில்லை.

"எந்நெக்கொண்டு ஒந்நும் செய்யான் பற்றியில்ல, சாரே. குஞ்ஞு மாத்ரம் உண்டு."

மலையாளம். படித்த ஒரு பெண்ணின் தயங்கிய பேச்சு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, குழந்தை மட்டும் இருக்கிறது.

ராஜதாஸ் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மோகனா, போரும்லே. இனி சொல்லாத. உனக்குக் கோடி புண்ணியம் உண்டு. சொல்லாதலே."

தொடையில் ஒரு தட்டு விழுந்தது. லேசாக, செல்லமாக.

"இருலே. நல்ல எடம் இனி மேலயாக்கும்."

அந்தச் சொற்களை எங்கே கேட்கக்கூடும் என்று அவன் ராவும் பகலும் யோசித்தான். பிரசவத்தை நெய்யாற்றின்கரையில் வைத்துக்கொள்வது என்றுதான் முடிவாகியிருந்தது. அங்கே டாக்டர் மலையாளப் பெண். அங்கே போகவே கூடாது. தெற்கே, விளவங்கோடு தாண்டி ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் அம்மாவுக்கு இங்கிலீஷை விட்டால் தமிழ் மட்டும்தான் தெரியும். மலையாளத்தில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியாது.

"அம்புட்டுத் தூரம் என்னத்துக்கு?" என்று ஆனந்தபாய் சண்டை போட்டாள். "எலே, உனக்குப் புத்தி பெசகிப் போச்சா? வயிறும் தள்ளிக்கிட்டு அவ எப்பிடி வருவா?"

"அவரு சொன்னா காரியம் இருக்கும், அண்ணி" என்றாள் விமலகுமாரி. அவனைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கும் ஊரு பாத்த மாதிரி இருக்கும்."

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தான். பலமுறை வாயைத் திறந்தான். கேட்டபிறகு அவள் எப்படித் தூங்குவாள்? மூடிக்கொண்டான்.

தை மாதத்தில் வலி கண்டதும் வாடகைக் கார் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டெட்டால் வாடை அடித்தது. உள்ளே அவளைக் கொண்டுபோனதும் ராஜதாஸ் நர்ஸிடம் கேட்டான், "மதாம்மா உண்டும் இல்லியா?"

"அவிய சீமைக்குப் போயாச்சே" என்றாள் நர்ஸ். "கிறிஸ்து பெறந்தநாளு பண்டிகை முடிஞ்ச ஒடனே கப்பல் ஏறியாச்சு. இப்ப புது டாக்டராக்கும். கோட்டயத்துக்காரி. நல்ல கைராசி."

அவன் திரும்பிக் காரைப் பார்த்தான். கார் போயிருந்தது. போயிருக்காவிட்டாலும் என்ன? உள்ளேயிருந்து விமலகுமாரி வீறிடுவது கேட்டது.

வராந்தாவின் பெஞ்சருகே ஆனந்தபாய் முழங்காலிட்டு ஜெபித்தாள். ராஜதாஸ் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் யாரும் உட்காரவில்லை. வெயில் ஏறி, இறங்கத் தொடங்கியது. இடது காதில் ஒன்றும் வரவில்லை. சொல்ல வேண்டியதைத்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே.

கதவு திறந்தது.

டாக்டர் சின்ன வயது. நெற்றியில் வியர்வை. கண் கலங்கியிருந்தது. ராஜதாஸ் பாய்ந்து அவள் முன்னால் போய் நின்றான்.

"சொல்லாண்டாம் டாக்டரே. ஒண்ணும் சொல்லாண்டாம். நான் போயிருதேன். நீங்க வாயத் திறக்காண்டாம்."

அவளுக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பாள். அவன் தோளைத் தொட்டாள். அவன் இரண்டு காதுகளையும் அழுத்திப் பொத்திக்கொண்டான். அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அவை எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் தயங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

விமலகுமாரியை ஊருக்குக் கொண்டுவந்து கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். குழந்தை பெண். புஷ்பபாய் என்று பெயர் வைத்தார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு இடது காது ஓய்ந்தது. ஊர் பேசியதை அவன் எல்லோரையும் போல ஒரே ஒரு முறை கேட்டான். அமரவிளைக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறெந்தப் படத்துக்கும் அவன் போகவில்லை.

ஊர்வலங்கள் நடந்தன, மனுக்கள் போயின, தலைவர்கள் வந்து பேசினார்கள். ஐம்பத்து ஆறு நவம்பரில் எல்லைக் கோடு போட்டார்கள். விளவங்கோடு சென்னையோடு, பாறசாலை மலையாளப் பக்கம். அன்று மத்தியானம் ராஜதாஸ் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தூரத்தில் எங்கோ வெடி போட்டுக் கொண்டாடினார்கள். விளவங்கோட்டில் இருந்த விமலகுமாரியின் அப்பா வீடு இனி வேறு ராஜ்யம்.

புஷ்பபாய் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயது நெருங்கியும் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மை என்றோ அப்பா என்றோகூடச் சொன்னதில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று ஆனந்தபாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை படியின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். படி முழுதும் காலியாக இருந்தது. அவள் இடப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்திருந்தாள். யாரோ சொல்வதைக் கேட்பதுபோல.

சிரித்தாள்.

"புஷ்பம்" என்று கூப்பிட்டான்.

பிள்ளை தகப்பனைத் திரும்பிப் பார்த்தது. வாய் திறந்தது. மழலை இல்லை, திக்கல் இல்லை. தெளிவாக, ஒரு பெரிய மனுஷி நெஞ்சிலடித்துக்கொண்டு அழுகிற இழுப்போடு வந்தது அதன் முதல் பேச்சு.

"நீயும் போயிட்டியே மக்கா! இனி இந்தப் பிள்ளைக்கு ஆருலே உண்டு?"

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தது.

அது அக்காவின் இழுப்பு என்று ராஜதாஸுக்குத் தெரியும். விமலகுமாரியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அதைக் கேட்டிருக்கிறான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. உடம்பில் ஒரு நோயும் இல்லை. எழுந்திருக்க நினைத்தான். எங்கே போவது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து ஆனந்தபாய் வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம். நெற்றியில் விழுந்த மயிரை ஈரக் கையால் ஒதுக்கிக்கொண்டு தம்பியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னலே, பிள்ளைய இப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று சிரித்தாள் அவள். "சோறு எடுத்து வைக்கட்டா?"