யாகப்பு மயங்கவில்லை

கண் மூடிய பிறகும் சத்திரசிகிச்சை அறை மெஷினின் கீச்சுச் சத்தம் யாகப்புவுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கையில் ஏறிய மருந்து குளிர்ந்து, தோள்வரை வந்து, நெஞ்சுக்குள் பரவியபோது உலகம் ஒருமுறை தூரப் போனது உண்மைதான். ஆனால் போன உலகம் திரும்பி வந்துவிட்டது. டெட்டோல் மணம், இறப்பர் மணம், தலைக்கு மேலே ஏசியின் இரைச்சல், யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற ஓசை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நின்றன. மருந்து இன்னும் ஏறவில்லை போலும், நேர்ஸ் மிஸியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்து வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் அசையவில்லை.

தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. அது எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது. விரலை ஆட்டிப் பார்த்தான்; விரல் அவன் சொல்லைக் கேட்கவில்லை. மூச்சும் அவனுடையதாக இல்லை. மெஷின் ஊதியபோது நெஞ்சு எழும்பியது, விட்டபோது அமர்ந்தது. குருநகரில் கடலட்டை பிடிக்கச் சுழியோடி, மூச்சை அடக்கியே பிழைத்த மனிதன் அவன். இப்போது அவன் மூச்சை இன்னொன்று விட்டது.

காலையில் வார்டில், மயக்கமருந்து டொக்டர் கீர்த்திகா எவ்வளவு பொறுமையாகக் கேட்டார்!

"ஐயா, குடிக்கிறனீங்களோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ. நான் தாற மருந்து மூளையை நிப்பாட்டாது. மூளையின்ரை ஒரு பகுதி மற்றப் பகுதியோடை கதைக்கிறதைத்தான் குழப்பும். உடம்பை அசையாமல் வைக்கிறது வேறை மருந்து. நெடுகக் குடிக்கிற ஆக்களின்ரை மூளை பழகிப்போயிருக்கும். அவைக்கு வழமையான அளவு காணாது."

"ஒரு சொட்டும் இல்லை, டொக்டர்" என்றான் யாகப்பு.

வேறென்ன சொல்வான்? கட்டிலின் ஒரு பக்கம் மனைவி யசிந்தா, மறுபக்கம் அக்கா லூர்த்தம்மா. போன தவக்காலத்தில், கோயில் நிறைந்த சனம் பார்த்திருக்க, அந்தோனியார் சுருவத்தின் காலைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று நேர்த்தி வைத்தவன் அவன். அதற்காகவே வருகிற பெருநாள் ஊர்வலத்தில் அந்தோனியார் சிலையுள்ள சுருவக்கூட்டை முன்னால் நின்று தூக்குகிற இடத்தை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். நேர்த்தி ஒரு கிழமை தாங்கியது. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வலைக் கொட்டிலுக்குள் சாராயம், அதற்கு மேல் வாய் மணம் போக ஏலக்காய். லூர்த்தம்மாவின் காதில் ஒரு சொல் விழுந்தால் பூசை மணிக்கு முன்னரே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா என்ற பெயரில் கடவுள் அவனுக்கு ஒரு ஒலிபெருக்கியைத் தந்திருந்தார்.

"என்ரை தம்பியோ? அவன் இப்ப தேத்தண்ணிதான் குடிக்கிறவன், டொக்டர்" என்று அவளும் சான்று சொன்னாள்.

"தொடங்குவமா?" என்று இப்போது தலைக்கு மேலே ஓர் ஆண்குரல் கேட்டது. குடலில் இருக்கிற கட்டியை வெட்டியெடுக்க வந்த சேர்ஜனின் குரல் அது.

வயிற்றில் ஈரப் பஞ்சு குளிர்ச்சியாக வட்டம் போட்டது. வேண்டாம். டொக்டர், நான் முழிச்சிருக்கிறன். தலைக்குள் கத்தினான். உடம்பு முழுக்கத் தேடினான், ஓர் இமை, ஒரு கால்விரல், எங்காவது அசைகிற ஓர் இடம் கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. நான் குடிக்கிறனான். நான் பொய் சொன்னனான். டொக்டர் பிள்ளை, நான் குடிக்கிறனான்.

கத்தி.

நெருப்பு. அந்தோனியாரே, நெருப்பு. இழுக்கிறார்கள். உள்ளே கை. யாருடையதோ கை. மெஷின் ஊதுகிறது. அமர்கிறது. கத்த முடியவில்லை. ஊதுகிறது.

"நாடி வேகமா ஓடுது" என்றார் கீர்த்திகா. "கண்ணாலை தண்ணியும் வருது, சேர்."

பார் பிள்ளை. பார்.

"ரத்தம் போகுதெல்லோ, நாடி ஓடும்தானே."

"மருந்தைக் கூட்டலாம். ஆனா பிரஷர் விழுந்துகொண்டு போகுது. குடியாத ஆளுக்கு இது காணும்."

காணாது. காணாது. காணாது.

எவ்வளவு நேரம் என்று யாகப்புவுக்குத் தெரியாது. முடிவில் சேர்ஜனின் குரல் களைத்துக் கேட்டது. "ரத்தம் நிக்கேல்லை. துணியை வைச்சு அடைச்சுவிடுவம். நாளைக்கு விடியத் திரும்பத் திறக்கவேணும். அதுவரைக்கும் ஆளை அசையவிடாதையுங்கோ."

பின்னேரம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு யசிந்தாவும் லூர்த்தம்மாவும் வந்தார்கள். இமைகளின் கீழ் கிடைத்த சிறு இடைவெளியால் யாகப்பு மனைவியின் முகத்தைக் கண்டான். பின்னாலேயே கீர்த்திகா வந்தார்.

"அம்மா, எனக்கு மனம் ஒத்துக்கொள்ளேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ. இவர் குடிக்கிறவரோ? ஓம் எண்டால் நாளைக்கு மருந்தை மாத்திக் குடுப்பன்."

யசிந்தா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். யாகப்புவுக்கு அப்போதுதான் விளங்கியது: அவளுக்குத் தெரியும். எப்போதோ தெரியும். அவன் நெஞ்சுக்குள் சந்தோசம் பொங்கியது. சொல்லு, யசிந்தா. ஓம் எண்டு சொல்லு. கூடு போகட்டும். மானம் போகட்டும். ஒரு சொல்லு. சொல்லு.

லூர்த்தம்மா கழுத்தை நீட்டிக் காது கொடுத்தாள். யசிந்தா மச்சாளைப் பார்த்தாள், பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"இல்லை, டொக்டர். நேர்த்தி வைச்ச மனிசன். சாராயத்தை மணந்தும் பாக்கேல்லை."

"அப்ப சரி" என்று கீர்த்திகா பெருமூச்சு விட்டார். "இண்டைக்குக் குடுத்த அளவையே நாளைக்கும் குடுப்பம்."

டொக்டர் போனார். லூர்த்தம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனாள். யசிந்தா குனிந்து புருசனின் காதோடு வாயை வைத்தாள்.

"பயப்பிடாதையுங்கோ, அப்பா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவன் கன்னத்தில் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பாதி திறந்திருந்த கண்களை, ஒன்றன்பின் ஒன்றாக, விரலால் அன்போடு மூடிவிட்டாள்.