மறதிக்காரக் கம்ப்யூட்டர்

இன்றைக்கும் நான் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் உமையாள்.

அவள் முன்னாலிருந்த கம்ப்யூட்டரின் மூலையில் 1 ஜனவரி 2009 என்று இருந்தது. உமையாளுக்குப் பத்து வயது. அந்தத் தேதியில் அவள் எங்கேயும் இல்லை.

திருவாடானையிலிருந்து தொண்டிப் பள்ளிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கடைசியாக வந்தவளுக்கு மிச்சமிருந்தது இந்தப் பழைய கம்ப்யூட்டர். தினமும் கறுப்புத் திரையில் ஏதோ கேட்கும். ஒரு பட்டனை அழுத்தினால்தான் கண் விழிக்கும்.

"நேத்து நடந்ததே இதுக்குத் தெரியாது போல," என்றாள் பக்கத்து இருக்கை மாஷிதா. "நீ யாருன்னாவது தெரியுமாடி?"

உமையாள் சிரித்துவைத்தாள். உனக்கே தெரியாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மெஹருன்னிசா டீச்சர் அவளருகே வந்து நின்றார்.

"ஏம்மா, நீ படமே வரையலையா? எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கிறதை பென்டிரைவில் எடுத்துட்டுப் போய், இந்த வாரத்துப் படங்களை மட்டும் பார்த்தேன். உன்னோடது இல்லையே. வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டணும்."

வரைந்தேன் டீச்சர். சொல்ல நினைத்தாள். “சரி டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் நகர்ந்ததும் தன் படத்தைத் தேடினாள். இருந்தது. கரையேற்றிய படகின் மேல் ஜம்மென்று படுத்திருக்கும் ஓர் ஆடு. பக்கத்தில் தேதி: 2009. இந்த வாரத்துப் படங்களில் அது எப்படி வரும்?

மதிய இடைவேளையில் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். தேதியைச் சரிசெய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். சரிசெய்த தேதி அப்படியே இருந்தது. அடுத்து, அணைத்துவிட்டுச் சுவரிலிருந்த சுவிட்சையும் அணைத்தாள். திரும்பப் போட்டபோது 2009 வந்து நின்றது.

"சாப்பிடாம இங்கன என்ன செய்ற?" வாசலில் மாஷிதா.

"சுவிட்சை அணைச்சா இதுக்கு எல்லாம் மறந்துருது."

"கரண்டு இல்லைன்னா எல்லாந்தான் நின்னுரும்."

உமையாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அது நிக்கிறதில்லையே."

"அதுலதான் பேட்டரி இருக்குல்ல."

சொல்லிவிட்டு மாஷிதா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். உமையாளும் பார்த்தாள்.

"இதுக்குள்ளயும் ஒண்ணு இருக்குமோ?" என்றாள் உமையாள். "தீர்ந்துபோயிருக்குமோ?"

இந்த முறை தயங்கவில்லை. நேராக டீச்சரிடம் போய்ச் சொன்னாள்.

டீச்சர் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். கிளம்பிய தூசியில் மூவரும் தும்மினார்கள். உள்ளே பச்சைப் பலகையில், நாணயம் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி.

"எனக்குத் தோணவே இல்லை பாரேன்," என்றார் டீச்சர். "நாம அணைச்ச பிறகும் உள்ள இருக்கிற கடிகாரத்தை ஓட்டுறது இதுதான். கம்ப்யூட்டர் எப்படிக் கிளம்பணும்னு நாம சொல்லிவச்சதையும் மறக்காம பார்த்துக்கும்."

"எங்க வாப்பா சவுதியிலேந்து கொண்டுவந்த தராசுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு," என்றாள் மாஷிதா. "எடுத்துட்டு வாரேன்."

"உங்க உம்மா உன்னையத் தூக்கித் தராசுல வச்சிருவாங்க. பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில கிடைக்கும். நானே வாங்கிட்டு வாரேன்."

மறுநாள் காலையில் புதுப் பேட்டரியைப் போட்டார்கள். தேதியைச் சரிசெய்து, சுவர் சுவிட்சையும் அணைத்தார்கள். உமையாளுக்கு அன்று கணக்குப் பாடம் ஒன்றுமே ஏறவில்லை. கறுப்புத் திரை திரும்ப வந்துவிட்டால்?

மதியம் சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. மூலையில் அன்றைய தேதி, அந்த நேரம்.

"ஏ, ஞாபகம் வந்துருச்சுடி," என்று மாஷிதா அவள் தோளில் தட்டினாள். உமையாள் தன் படத்தைத் திறக்கவும் மாஷிதா ஆட்டைப் பார்த்தாள். "இது எங்க தெரு ஆடுல்ல? இதே திமிரு."

டீச்சரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சுவருக்கு நடுவுல இதுதான். எல்லாப் படத்துக்குக் கீழேயும் தேதி வரும். உன்னோடதுல 2009-னு இருக்கே. இன்னொரு தடவை சேமிச்சிரும்மா, இன்னைக்குத் தேதி வந்துரும்."

உமையாள் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் மெதுவாக. "நான் பொறக்கறதுக்கு முன்னாடி வரைஞ்சதாவே இருக்கட்டும்."